ஒன்பதாம் நம்பர் மரம்

“மீன்ல முள்ளு எடுத்துத் திங்கத் தெரியாது ஒனக்கு. கடல்ல எத்தினி மீன் புடிக்கணும்னு நீ போய் சொல்லப் போறியா?”

அத்தை இப்படிக் கேட்டபோது வேலை உத்தரவு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அத்தை என் அப்பாவின் அக்கா. முறத்தில் மல்லாட்டையைக் கொட்டி உரித்துக்கொண்டே கேட்டார். கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை.

“நான் சொல்லல அத்தே. கவர்மெண்டு சொல்லுது. நான் எடை போட்டுப் பாக்கப் போறேன்.”

“எடை போட தராசு போதுமே. ஒன்ன எதுக்குக் கூப்புட்டாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா இன்றும் கைநாட்டுதான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு போகம் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மழை பெய்தால் கேப்பை. அதிலிருந்து வந்ததைக் கொண்டு என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தார்கள். விலங்கியல் படித்தேன். தவளையை அறுத்து அதன் இதயம் துடிப்பதைக் காட்டியிருக்கிறேன். மீனின் செதிலை மைக்ராஸ்கோப்பில் வைத்து வயது சொல்வேன். ஆனால் கடலை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், மாசி மகத்துக்கு மரக்காணம் போனபோது. அன்றும் கூட்டத்தில் நின்று, ஆட்களின் தலைக்கு மேலே தெரிந்த நீலத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கடலைப் பார்க்காதவளும் கடலைப் படிக்கலாம் என்று உறுதியாக நம்பினேன்.

ஆபீஸ் விழுப்புரத்தில் இருந்தது. ஆபீசர் நல்ல மனிதர். என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்து, விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார். கலவா என்று ஒரு மீன். கரையோரத்தில் கிடைக்காது. நல்ல ஆழத்தில், கடலடிப் பாறை இடுக்குகளில் இருக்கும். அந்தப் பாறைகளைத்தான் மீன் பிடிப்பவர்கள் பார் என்கிறார்கள். கலவா மெதுவாக வளரும். முன்பு அதை யாரும் பெரிதாகத் தேடிப் போனதில்லை. இப்போது வெளியூர்க் கம்பெனிகள் ஐஸ் வண்டியைக் கரைக்கே அனுப்புகின்றன. எல்லோரும் அதையே பிடிக்கிறார்கள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தை அளவுக்கு வந்த மீன் இப்போது உள்ளங்கை அளவுக்கு வருகிறது.

“இதுல இன்னொண்ணு இருக்கும்மா. சின்ன கலவா எல்லாம் பெண். பெருசானப்புறம்தான் சிலது ஆணா மாறும். பெருசையெல்லாம் புடிச்சிட்டா ஆணே மிஞ்சாது. நீ ஜுவாலஜி, உனக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

எனக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அதனால் ஒரு சீசனுக்கு, சோதனையாக, ஒரு குப்பத்தில் மட்டும் ஒரு வரம்பு வைக்கிறார்கள். ஒரு படகு ஒரு நாளைக்கு முப்பது கிலோ கலவா. அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு நம்பர். நம்பர் உள்ள படகிடம்தான் ஐஸ் வண்டிக்காரர்கள் கலவா வாங்க வேண்டும். நான் நம்பர் எழுதி, தினமும் கரையில் நின்று எடை போட வேண்டும். ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட், இரண்டு பிரஷ், ஒரு தொங்கு தராசு கொடுத்தார்.

“நம்பர் தூரத்துலருந்து பாத்தாலே தெரியணும். நல்லா அகலமான எடமா பாத்து எழுது.”

இவ்வளவுதான் உத்தரவு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பஸ். இறங்கி உப்பளத்தை ஒட்டி நடந்து, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் குப்பம். முதல் நாள் நான் குடை பிடித்துக்கொண்டு போனேன். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள்.

“யாருடி இது, கொடய விரிச்சிக்கினு வருது?”

“மீன் ஆபீசாம். நம்பர் போட வந்துக்கினு இருக்குது.”

“நம்பர் மீனுக்கா, நமக்கா?”

சிரிப்பு என் காதில் விழுந்தது. நானும் விடவில்லை. அவர்கள் நடுவில் போய் நின்று, கலவாவைப் பற்றி ஆபீசர் சொன்ன அத்தனையும் சொன்னேன். சின்னதெல்லாம் பெண், பெரிதானால் ஆண் என்பதையும் சொன்னேன். கூடைக்கு அடியில் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள்:

“எங்க மாமியா கூட அப்டித்தான். சின்னதுல பொம்பளயாத்தான் இருந்துச்சாம். இப்ப மீசயப் பாரு.”

அதற்கப்புறம் அங்கே என் பேச்சு எடுபடவில்லை. குடையை மடக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கட்டுமரங்கள் கரையில் வரிசையாக நின்றன. வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை, ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குப் பிள்ளைகள் நிற்பது மாதிரி. மூன்று மரம், நான்கு மரம், ஐந்து மரம் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் போய், எந்த மரம் அகலமோ அந்த மரத்தில், ஒரு முழ உயரத்துக்கு நம்பர் எழுதினேன். எனக்கு எழுத்து அழகாக வரும். சாயங்காலம் தூரமாகப் போய் நின்று பார்த்தபோது எல்லா நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. திருப்தியாக இருந்தது.

மறுநாள் மதியம் போனேன். ஒரு கட்டுமரம்கூட இல்லை.

மரங்கள் இருந்தன. கட்டு இல்லை. கரை முழுக்கத் தனித்தனியாகக் கிடந்தன. ஒரு பக்கம் 11, அதற்குத் தலைகீழாக 4, நம்பரே இல்லாத மரங்கள் ஏராளம். நம்பர் பிடிக்காமல் ஊரே சேர்ந்து எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் ஓடினேன். என் ஒன்பதாம் நம்பர் அவருடைய கட்டுமரத்தில்தான் இருந்தது.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

“எப்டிப் பண்ணோம்?”

“எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டிருக்கீங்களே!”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெனமும் அவுக்கறதுதான்மா. கரைக்கு வந்தா அவுத்துக் காயப் போடணும். இல்லாட்டி மரம் தண்ணியக் குடிச்சிட்டு கல்லாட்டம் கனக்கும்.”

“அப்ப நேத்து கட்டியிருந்துச்சே?”

“நேத்து நீங்க வர்றீங்கன்னு கட்டி வெச்சோம். பாக்க அழகா இருக்கட்டும்னு.”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே மரியாதைக்காகத்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

அவிழ்த்த மரங்களை மறுநாள் அப்படியே திரும்பக் கட்டுவார்கள் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. எந்த மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதோ அதைக் கட்டுவார்கள். காற்று பலமாக இருந்தால் ஐந்து, ஆள் குறைந்தால் மூன்று. பக்கத்து வீட்டு மரத்தை இரவல் வாங்குவார்கள். இதனால் என் நம்பர்கள் குப்பம் முழுக்க நடமாட ஆரம்பித்தன. ஒருநாள் ஒரே கட்டுமரத்தில் 4-ம் 12-ம் வந்து சேர்ந்தன. இன்னொன்று நம்பரே இல்லாமல் கூடை நிறையக் கலவாவோடு வந்து இறங்கியது.

ஐஸ் வண்டியோடு வந்தவர் என்னைக் கேட்டார்: “மேடம், ரெண்டு நம்பர் இருக்குது. முப்பதா, அறுபதா?”

மேடம் என்று என்னைக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அந்த மரியாதைக்காகவாவது ஒரு பதில் சொல்ல ஆசைப்பட்டேன். படகு ஒன்றுதான், அதனால் முப்பது. நம்பர் இரண்டு, அதனால் அறுபது. இரண்டும் சரியாகத்தான் பட்டது. “இன்னிக்கு முப்பது வாங்குங்க. நான் கேட்டுச் சொல்றேன்” என்றேன். கட்டுமரத்துக்காரர்கள் என்னைத் திட்டவில்லை. மறுநாள் நாலு கட்டுமரம் இரண்டு இரண்டு நம்பரோடு வந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு குழப்பம். முப்பதுக்கு மேல் கிடைத்த மீனை என்ன செய்வது? உத்தரவில் ‘கொண்டுவரக் கூடாது’ என்றுதான் இருந்தது. சரி என்று அவர்கள் கடலிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி. மீன் தப்பித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் சீக்கிரமே போய்விட்டேன். அலை ஓரத்தில் வரிசையாகக் கலவா ஒதுங்கிக் கிடந்தது. கண் பிதுங்கி, இரைப்பையே வாய் வழியாக வெளியே தள்ளி, வயிறு பலூன் மாதிரி. ஆழத்திலிருந்து மேலே இழுத்தாலே அந்த மீன் செத்துவிடும் என்பது நான் படித்த பாடத்தில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். காக்கைகள் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன. பெண்கள் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் ஒருத்தி மடியை விரித்துக் காட்டினாள். “இதயும் எட போடுவியா கண்ணு? இது யாரு கணக்கு? கடலு கணக்கா?”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். வரம்பு வைத்ததால் மீன் குறைவாகச் செத்ததா, அதே அளவு செத்து எடைக்கு வராமல் போனதா? வரம்பே வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெண்களே உட்கார்ந்து பேசும்போது, முன்பெல்லாம் ஒரு கலவாவைத் தூக்க இரண்டு கை வேண்டும் என்றார்கள். இப்போது ஒரு கையில் நாலைப் பிடிக்கலாம். மீன் குறைந்துபோனது ஆபீசுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை.

பத்து பதினைந்து நாள் கழித்து ஒன்பதாம் நம்பர்க்காரர் என்னைத் தேடி வந்தார். அவர் பின்னாலேயே ஒரு அக்காவும் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். கரையில் எப்போதும் தனியாகவே உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். அன்று பேசினாள்.

“நீயே சொல்லு கண்ணு. நம்பர் எந்த மரத்துல இருக்குது?”

“அது கேள்வி இல்ல” என்றார் அவர். “நம்பர் யாருது, அதக் கேளு.”

“மரம் என்துன்னா, மரத்துல இருக்கறதும் என்துதான்.”

எனக்கு விவரம் புரிய அன்றைய மத்தியானம் முழுக்க ஆயிற்று. அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுமரத்தின் எல்லா மரங்களும் ஒருவருக்கே சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போகும் ஆளுக்கு ஒரு பங்கு என்றால், மரத்துக்கும் ஒரு பங்கு. ஒருவன் செத்துப்போனால் அவன் மரத்தை யாராவது தங்கள் கட்டுமரத்தில் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவார்கள். மரம் கடலுக்குப் போய் வந்தால், போகாத வீட்டுக்கும் பங்கு வந்து சேரும். அந்த அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது, புருஷன் விட்டுப்போய் இவர் கட்டுமரத்தில் சேர்ந்திருந்த அந்த ஒரு மரத்தின் பங்கால். அது நல்ல அகலமான மரம். அகலமாக இருந்ததால்தான் நான் அதில் போய் 9 என்று எழுதியிருந்தேன்.

“முப்பது கிலோவுக்கு மூணு மரம் போதும்மா” என்றார் அவர். நியாயமாகத்தான் பேசினார். “முன்ன மாதிரி கூட கூடயா கொண்டு வந்தா நாலு இன்னா, அஞ்சு கூட கட்டலாம். எல்லாருக்கும் குடுக்கலாம். இப்ப வர்றதே இவ்ளோதான். எம்பசங்க ரெண்டு பேரு வர்றானுங்க, அவனுங்களுக்குப் பாக்கணுமா, மரத்துக்குப் பாக்கணுமா? நீ நம்பர எடுத்து எம்மரத்துல போட்ருமா. அப்பால இந்த மரத்த அவங்க எடுத்துக்கட்டும். வேற யார்கிட்டயாவது குடுக்கட்டும்.”

“வேற யாரு கட்டுவாங்க?” என்றாள் அக்கா. “அங்க பாரு கண்ணு.”

அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். மணல்மேட்டுக்குப் பக்கத்தில் ஏழெட்டு மரங்கள் கிடந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். காய்கின்றன என்று நினைத்திருந்தேன். அவை காய்ந்து பல நாள் ஆகியிருந்தது. கால் முடங்கிப்போன ஒருவருடைய மரம், கல்பாக்கத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டவனின் அம்மா வைத்திருந்த மரம். வரம்பு வந்த பிறகு யாரும் அவற்றைக் கட்டவில்லை. எல்லாக் கட்டுமரமும் மரம் குறைந்து இளைத்துப்போயிருந்தது. அந்த அக்காவின் மரம் மட்டும் இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. காரணம், நான் தெரியாமல் அதில் எழுதிய 9.

அதை நான் அழித்தால் அவள் மரமும் மணல்மேட்டுக்குப் போகும். அழிக்காவிட்டால் ஒன்பதாம் நம்பர்க்காரர் சொந்த நம்பருக்கு இன்னொருவர் மரத்தை எப்போதும் நம்பியிருக்க வேண்டும். நாளைக்கே அவள் அந்த மரத்தைத் வேறு யாருடைய கட்டுமரத்திலாவது சேர்த்துவிட்டால், அவர் மீன் விலைபோகாது. இரண்டு பேருமே என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குள் இதைத் தீர்த்துக்கொள்ள ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. ஆனால் நம்பர் கவர்மெண்டு நம்பர், பஞ்சாயத்து அதில் தலையிடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

“ஆபீசர்கிட்ட கேக்கறேன்” என்றேன்.

“கேளு” என்றாள் அக்கா. “கேட்டு, அவரு அழிக்கச் சொன்னாருன்னு வந்து நிக்காத.”

மறுநாள் விழுப்புரம் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். பஸ் திருப்பத்தில் குலுங்கும்போதெல்லாம் வரிசை கலைந்தது. ஆபீசர் முழுவதையும் கேட்டார். கட்டுமரத்தைத் தினமும் அவிழ்ப்பார்கள் என்பதைக் கேட்டதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“நான் விசைப்படகுக்குப் போட்ட ரூல்மா இது. கட்டுமரம்னா எப்படின்னு யோசிக்கல.”

அவர் அப்படி ஒத்துக்கொண்டதும் எனக்குத் தைரியம் வந்தது. யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். படகுக்கு வரம்பு வைக்காமல் மரத்துக்கு வைத்தால் என்ன? அவர்கள் பங்கு பிரிப்பதே மரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான். நாலு மரத்துக்கு முப்பது என்றால் ஒரு மரத்துக்கு ஏழரை கிலோ. மரம் கூடினால் வரம்பும் கூடும். அப்போது யாரும் யார் மரத்தையும் கழற்றிவிட மாட்டார்கள்.

“ஏழரையா?” என்று சிரித்தார். “எனக்கு இப்ப நடந்துக்கிட்டு இருக்கறதே போதும்மா.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “யோசிச்சுப் பாரு. மரத்துக்கு வரம்புன்னா, நாளைக்கே புதுசா மரம் வாங்கிட்டு வந்து போடுவான். மணல்ல சும்மா கெடக்கற மரமெல்லாம் கடலுக்குப் போகும். மொத்தக் கலவா எவ்வளவு ஆகும்?”

“இப்ப இருக்கற மரத்துக்கு மட்டும் குடுக்கலாம் சார். புது மரத்துக்குக் கெடையாது.”

“அப்பவும் கூடத்தான் செய்யும். வரம்பே இல்லாத மாதிரி ஆயிடும். அப்புறம் மீனே இல்லன்னா அந்தம்மா மரத்த எங்க கட்டுவாங்க, என்ன பங்கு வாங்குவாங்க?”

 அவர் சொன்னது தப்பு என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அவர் சொல்கிறபடி மீனைக் காப்பாற்றினால், அதற்கு முதலில் விலை கொடுப்பவள் கடலுக்கே போகாத அந்த அக்கா. அது எப்படி என்று அவரைக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“நீ சொல்றத எழுதிக் குடு. மேல அனுப்பறேன். பதில் வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும், அது வேற விஷயம். இப்போதைக்கு ஒரு படகு, ஒரு ஓனர், ஒரு நம்பர். நடு மரத்துல எழுது, பழச சுரண்டிடு. திங்கக்கெழம நானே ஜீப்ல வர்றேன், பாக்கறேன்.”

சரி சார் என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அத்தை வந்திருந்தார். “இன்னா, மீன்லாம் சொன்ன பேச்சு கேக்குதா?” என்றார். “மீன் கேக்குது அத்தே. நான்தான் யார் பேச்சக் கேக்கறதுன்னு தெரியாம முழிக்கறேன்” என்றேன். அத்தை கூழை ஊற்றினார். என்னைப் படிக்க வைத்தது எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதற்காக என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று எனக்கு வந்த கேள்விகள் எதுவும் என் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் குப்பத்துக்குப் போனேன். எல்லோரும் கரைக்குத் திரும்பியிருந்தார்கள். மரங்களை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்பதாம் நம்பர்க்காரர் தன் நடு மரத்தைக் கழுவி, நம்பர் எழுத வசதியாகத் திருப்பி வைத்திருந்தார். ஆபீசர் என்ன சொன்னார் என்பது எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்துவிட்டது. ஐஸ் வண்டிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த அக்கா தன் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள், 9-ஐ மறைத்துக்கொண்டு.

“எந்திரிங்கக்கா” என்றேன்.

“எந்திரிக்க மாட்டேன்.”

“சுரண்ட வரல. எழுத வந்திருக்கேன்.”

அவள் சந்தேகமாக எழுந்தாள். நான் 9-க்குப் பக்கத்தில் ‘அ’ என்று எழுதினேன். அடுத்து அவருடைய நடு மரத்தில் ‘9 ஆ’. மற்ற இரண்டிலும் ‘9 இ’, ‘9 ஈ’. அவர் குனிந்து பார்த்தார்.

“இதுக்கு இன்னா அர்த்தம்?”

“நாலும் சேர்ந்து வந்தா முப்பது கிலோ. மூணு வந்தா மூணுக்கு உண்டானது. ஒண்ண மணல்ல போட்டுட்டுப் போனா அதோட பங்கும் மணல்லயே இருக்கும்.”

“ஆபீசரு சொன்னாரா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “இல்லீங்க. அவரு அழிக்கச் சொன்னாரு. இது நானா எழுதறது.”

“பேஜாரு புடிச்ச பொண்ணா இருக்கியே” என்றார். கோபமா, ஆச்சரியமா என்று தெரியவில்லை. “திங்கக்கெழம ஜீப்பு வந்து நின்னா?”

“என்ன கேக்கட்டும்.”

“ஒன்னக் கேட்டுட்டு வூட்டுக்கு அனுப்பிருவாங்க. நாங்க இங்கதான் இருக்கணும்.”

அதுவும் உண்மைதான். அக்கா தன் மரத்தில் எழுதியிருந்த ‘அ’வையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த ‘அ’ எழுதாம இருந்திருந்தா நம்பர் மொத்தமும் எங்கிட்ட இருந்திருக்கும். இப்ப கால்வாசிதான்” என்றாள். அதுவும் உண்மை. நான் செய்தது அவளுக்கு நல்லதா, அவருக்குக் கெட்டதா, கடலடியில் பாறை இடுக்கில் இருக்கும் அந்த மீனுக்கு என்ன என்று அந்த இடத்தில் யாராவது கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன்.

அவர் மரங்களைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மூன்றை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். நான்காவதையும் காலால் உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் சேர்த்தார். வைத்துப் பார்க்கிறாரா, நாளைக்குக் கட்டத்தான் சேர்க்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். கால் முடங்கியவரின் மனைவியும் அதில் இருந்தாள். மணல்மேட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, “எங்க மரம் முன்ன பத்தாம் நம்பருலதான் போய்க்கினு இருந்துச்சி” என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி.

பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு நடந்தேன். அவள் கூடவே வந்து காட்டிய மரத்தில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டு, ‘10 ஈ’ என்று எழுதி முடித்தேன்.